நாலாம் மாடிக்குப் போகாத தொட்டி

எங்கள் அன்பியத்தில் ஒரு மரத் தொட்டி உண்டு. அன்பியம் என்பது வேறொன்றுமில்லை, பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வீடு வீடாகப் போய் ஜெபம் சொல்லும் குழு. எங்களுடையது மலேசியாவின் ஈப்போ நகரத்தில் சிலிபினிலும் புந்தோங்கிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலம் பிறந்ததும் தொட்டியை இறக்கித் தூசி தட்டி, வெறுமையாக ஒரு வீட்டில் கொண்டுபோய் வைப்போம். மாலை ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டார் ஒரு பிடி காய்ந்த லாலான் புல்லை அதில் போட வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செய்த நல்ல காரியங்களுக்காகவும், விழுங்கிக்கொண்ட கோபங்களுக்காகவும் அந்தப் புல். தொட்டி அன்றைக்கு அங்கேயே தங்கும், பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் பூசையில் பாலன் இயேசுவை அந்தப் புல்லின்மேல்தான் கிடத்துவார்கள். வைக்கோலுக்கு வயல் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். லாலான் என்றால் தண்டவாள ஓரத்திலும் காலி மனையிலும் கேட்பாரில்லாமல் வளர்ந்து நிற்கும், அரிவாள் இருந்தால் போதும்.

தொட்டியைக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வேன் வைத்திருக்கிறவனுக்குக் கோயிலில் மரியாதை தானாக வந்து சேரும். வயதானவர்களை ஏற்றி இறக்குவது, நாற்காலி சுமப்பது என்று தொடங்கி, கடைசியில் ஜெபத்தை நடத்துவது, பைபிள் வாசகத்தின்மேல் சிந்தனை கொடுப்பது வரை வந்து நின்றேன். எனக்குப் படிப்பு அதிகமில்லை, ஆனால் வாய் உண்டு. காலையில் பிள்ளைகளை விரட்டி விரட்டிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

போன திருவருகைக் காலத்தில் உள்ளத்தை ஒழுங்காகத் தயார் செய்துவிடுவது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கிறிஸ்துமஸ் வரை தே தாரிக் டீ கிடையாது, இறைச்சி கிடையாது, வண்டி ஓட்டும்போது கெட்ட வார்த்தை கிடையாது. இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வழக்கமாக உட்காரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் வெறும் சுடுதண்ணீர் கேட்டபோது, கடைக்கார பாய் ஆச்சரியப்பட்டு, "என்னண்ணே, நோன்பா?" என்று கேட்டார். "ஆமா பாய், எங்களுக்கும் இருக்குலா" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் சுடுதண்ணீருக்குக் காசு வாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அந்தக் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்த வருஷம்தான் ஒரு பெண் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வரத் தொடங்கியிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், பிறவிக் கத்தோலிக்கர். ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு புந்தோங்கில் ஓர் அடுக்கு மாடி வீட்டில் நாலாம் மாடியில் குடியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. யார் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். கணவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பான்.

ஒரு ஞாயிறு அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்தத் தொட்டி எங்க வீட்டுக்கும் வருமா?"

"வருமே. ஏன் வராது?" என்றேன். அன்றைக்கு நான் பெருந்தன்மையில் இருந்தேன்.

"அவர்கிட்ட கேட்டேன். வரட்டும், நல்லதுதானேன்னு சொல்லிட்டாருண்ணே." இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஏழரைக்கு என்று அவளிடம் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை வேன் நிறைய ஆட்கள். என் மனைவி முன்சீட்டில், தொட்டி அவள் மடியில். பின்னால் அன்பியத்து மூத்தவர்கள். அந்தப் பெண் இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் வேனை நிறுத்தியபோது, பின்சீட்டிலிருந்து ஓர் அக்கா கேட்டார். எங்கள் குழுவில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கோயில் பீடத்துக்குப் பூ வைப்பது அவர்தான்.

"தம்பி, அந்த வீட்ல சாமி மேடை இருக்காம்ல? முருகன் படம் எல்லாம் இருக்காம். தொட்டிய எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

எல்லாரும் என் பின்மண்டையைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "இருந்தா இருக்கட்டும்க்கா, வாங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறியிருப்பார். நான் பிறந்த தோட்டத்தில், வரிசை வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டுச் சாம்பிராணிப் புகை எங்கள் வீட்டுக்குள் வரும், எங்கள் ஜெபமாலை அவர்கள் வீட்டுக்குள் போகும். மாரியம்மன் கோயில் கூழைக் குடித்து வளர்ந்த உடம்பு இது. முருகன் படத்தைப் பார்த்து மிரள்கிற ஆளில்லை நான். ஆனால் அந்த அக்கா மறுநாள் நாலு பேரிடம் ஏதாவது சொல்வார். ஜெபம் நடத்த என்னைவிட வேறு ஆள் பார்க்கலாம் என்று யாராவது நினைப்பார்கள். அந்தப் பயம்தான் எனக்கு. எழுதும்போதே எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

லிஃப்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனேன். கதவில் அட்டை தொங்கியது. கெட்டுப்போயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும்போது அண்ணாந்து பார்த்தேன். நாலாம் மாடி நடைபாதையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சேலை கட்டியிருந்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள். வீடு தெரியாமல் தேடுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் குனிந்து, சாவியைத் தேடுகிறவன் மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டே வேனுக்கு வந்துவிட்டேன்.

"லிஃப்ட் ரோசாக்லா. பெரியவங்க நாலு மாடி ஏற முடியாது. வாத்தியார் வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். கெட்டுப்போனதைச் சொல்ல எங்களுக்கு 'ரோசாக்' என்ற மலாய்ச் சொல்தான் முதலில் வாயில் வரும். எல்லாரும் "ஆமா, ஆமா" என்றார்கள். முட்டிவலி இல்லாதவர்கள்கூட முட்டியைத் தடவிக்கொண்டார்கள். என் மனைவி தொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

ஓய்வுபெற்ற வாத்தியாரின் வீடு பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறது. பளிங்குத் தரை, பெரிய ஹால். திடீரென்று போய் நின்றும் முகம் கோணாமல் வரவேற்றார். ஊதா மெழுகுதிரிகளை ஏற்றினோம். வாசகம் முடிந்ததும் நான் எழுந்து சிந்தனை கொடுத்தேன். அதை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வரப்போகிறவருக்காக உள்ளத்தில் இடத்தைக் காலி செய்து வைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம், உள்ளத்தைப் பெருக்கினோமா என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அப்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று தெரியும். நெஞ்சுக்குமேல் அது துடித்துக்கொண்டிருக்க, நான் பேச்சை ஓர் இடத்திலும் விடாமல் பேசி முடித்தேன். நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த அக்கா, "மனசத் தொட்டுருச்சு தம்பி" என்றார்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் நின்றபடி அவளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "மன்னிச்சிரும்மா, நேத்து உங்க வீட்டு ஜெபத்த சுத்தமா மறந்துட்டேன்." குரலில் கொஞ்சம் இருமலும் சேர்த்துக்கொண்டேன், உடம்பு சரியில்லாதவன் மாதிரி. அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. கும்பிடுகிற இரண்டு கை, அதற்குக் கீழே "பரவால்லண்ணே". அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றியிருப்பேன். அடுத்த ஞாயிறும் அவள் அதே கடைசி பெஞ்சில் இருந்தாள். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனேன்.

தொட்டி மற்ற வீடுகளுக்கெல்லாம் போய்வந்தது. புல் நிறைந்துகொண்டே வந்தது. நான் போட்ட புல்லும் அதில் இருந்தது.

மூன்றாம் வாரத்தில் கோயிலில் ஒப்புரவு வழிபாடு. கிறிஸ்துமஸுக்கு முன் எல்லாரும் தங்கள் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வெளியூர்களிலிருந்து குருக்கள் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். தமிழ்க் குருவானவர் முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. மறுமூலையில் ஒரு சீனக் குருவானவர், அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் முன்னால் ஆளே இல்லை. நான் நேராக அவரிடம் போனேன். வரிசை குறைவு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டேன்.

உண்மை வேறு. என் மலாய், மீன் மார்க்கெட்டுக்கும் சாலைத் தடுப்பில் போலீஸ்காரரிடம் கெஞ்சுவதற்கும் போதுமான மலாய். விலை கேட்கலாம், வழி சொல்லலாம். நான் செய்ததை முழுதாகச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அதில் வார்த்தை கிடையாது. அதற்காகத்தான் அங்கே போனேன். தமிழில் சொன்னால் அந்தச் சேலையைச் சொல்ல வேண்டும், உயர்த்திய கையைச் சொல்ல வேண்டும், கெட்டுப்போன லிஃப்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதைச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆளிடம் தப்பு செய்துவிட்டேன் ஃபாதர் என்று மலாயில் சொன்னேன். என்ன தப்பு என்று கேட்டார். அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியது, "லூப்பா" என்றேன். மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "லூப்பா பூக்கான் டோசா, அபாங்" என்றார். மறப்பது பாவமில்லை அண்ணே. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். ரோட்டில் கோபப்பட்டதைச் சொன்னேன், கெட்ட வார்த்தையைச் சொன்னேன். ஒரு ஜெபத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, மன்னிப்பு ஆசீருக்குக் கையை உயர்த்தும் முன், அந்த ஆளை நேரில் போய்ப் பார், போன் வேண்டாம், கிறிஸ்துமஸுக்குள் போ என்று சொன்னார். அவருக்கு ஏதாவது புரிந்ததோ என்னவோ.

மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதற்கு வாங்கினேன்? செய்யாத பாவத்துக்கு. செய்தது அப்படியே என்னிடம் இருந்தது. இத்தனை வருஷத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய உட்கார்ந்த இடத்திலேயே பொய் சொன்னவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. சின்ன வயதில் விளையாட்டுச் சண்டையைக்கூட ஒன்றுவிடாமல் ஒப்பித்தவன்.

அந்த ஞாயிறு நற்கருணை வாங்க, எங்கள் பேச்சில் நன்மை வாங்க, எல்லாரும் எழுந்தபோது நான் எழவில்லை. பாவத்தை மறைத்தவன் அதை வாங்கக் கூடாது. வழக்கமாக முதல் ஆளாகப் போகிறவன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழங்காலை ஒதுக்கி, மற்றவர்கள் தாண்டிப்போக வழிவிட்டேன். அந்தப் பெண்ணும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போகவில்லை. அவள் எப்போதுமே போவதில்லை, அவளுடைய கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை என்பதால். அவ்வளவு பெரிய கோயிலில் நாங்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்த மாதிரி எனக்கு இருந்தது. அவள் என்ன குற்றம் செய்தாள் என்று நினைத்தேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, நன்மை வாங்கல?"

"இருமலா இருந்துச்சு."

"இருமல் ஒண்ணும் கேக்கலையே." அவள் மடித்த துணியை மறுபடி மடித்தாள். "அந்தப் புள்ள வீட்டுக்குப் போயிட்டு வாங்க. வேன்ல நானும்தான் இருந்தேன். அந்தப் புள்ள கை காட்டுனத நானும்தான் பாத்தேன். தொட்டிய மடியில வச்சுக்கிட்டு நானும்தான் வாயத் தொறக்கல."

எனக்குச் சுருக்கென்றது. யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவ்வளவு நாளும் இவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாளே இருக்கும்போது, ஒரு மாலை தொட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். மனைவி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன், அவள் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன். புல் கழுத்தில் குத்தியது. வழியில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். நாலாம் மாடி வந்ததும் மூச்சு வாங்கியது. ஏற முடியாத உயரமெல்லாம் இல்லை. எங்கள் பெரியவர்கள் மெதுவாக, நின்று நின்று ஏறியிருப்பார்கள்.

கதவைத் திறந்தவள் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். பிறகு, "வாங்கண்ணே, உள்ள வாங்க. அவரு இன்னும் வேலையிலேர்ந்து வரல" என்றாள். சின்ன வீடு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். சுவரில் ஒரு பலகையில் முருகன் படம், முன்னால் ஒரு விளக்கு. அதன் பக்கத்துச் சுவரில் அவளுடைய மாதா படம். நான் உட்காரவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் மறக்கல" என்றேன்.

"தெரியும்ண்ணே."

"கீழ வரைக்கும் வந்தேன்."

"பாத்தேன்ண்ணே. நீங்க அண்ணாந்து பாத்தீங்க, நான் கை காட்டுனேன்." குரலில் கோபமே இல்லை. அது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். "வேன் திரும்பிப் போறதையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். சாமி மேடை இருக்குன்னுதான?"

நான் தலையை ஆட்டினேன். பெரிய மனிதன், ஊருக்குச் சிந்தனை கொடுக்கிறவன், ஒரு பிள்ளை மாதிரி தலையை ஆட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அவசரமாகப் பேசினாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அவருகிட்ட நீங்க மறந்துட்டீங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும். நெசத்தச் சொல்லிராதீங்க. கோயிலுக்குப் போகாதன்னு அவரு சொல்ல மாட்டாரு, அப்படிப்பட்ட ஆளு இல்ல. ஞாயித்துக்கிழமையானா என்னக் கூட்டிக்கிட்டு வந்து அந்த மரத்தடியில நிக்கிறாருல்ல, அங்க நிக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி ஆயிரும்ண்ணே. நம்ம சாமி இவங்களுக்கு ஆகலன்னு நெனப்பாரு. அது வேணாம்."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துதான் நாலு மாடி ஏறி வந்தேன். எனக்கு இறங்க வேண்டிய பாரம் அவள் வீட்டில் ஏறும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்போதும் என் உள்ளத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன், வேறு யாரைப் பற்றியும் இல்லை.

நான் சரி என்று சொல்வதற்குள் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கணவன் உள்ளே வந்தான். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை, சட்டை முழுக்கத் தூசி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கண்ணே! உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? ஏம்மா, அண்ணனுக்கு மைலோ கலக்கலையா?" ஹெல்மெட்டை வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தான். "அன்னைக்கு மறந்துட்டீங்களாமே?"

அவள் சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி" என்றேன். "மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்னண்ணே இருக்கு. வேன் ஓட்டுற ஆளு, ஆயிரம் நெனப்பு இருக்கும்லா." அவன் சிரித்தான். "நான்தான் அன்னைக்கு ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட நாற்காலியெல்லாம் எரவல் வாங்கிப் போட்டு வச்சிருந்தோம். சரி, அதனால என்ன. இன்னைக்கு வந்துட்டீங்கல்ல."

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவைத்தான் மக்சிக் என்றான். அந்த அம்மாவின் நாற்காலிகளும் அன்று காலியாக இருந்திருக்கின்றன.

ஜெபம் தொடங்கலாமா என்று நான் கேட்டபோது அவன் எழுந்தான். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, முருகன் பலகையின் பக்கம் போனான். அதற்குமேல் ஒரு கம்பி அடித்திருந்தது. கம்பியில் ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் துணியை அவன் இழுத்தான். புதுத் துணி, மடிப்பு இன்னும் போகவில்லை.

"ஏன் தம்பி மூடுறீங்க?"

"அன்னைக்கு நீங்க வர்றீங்கன்னுதான் இந்தக் கம்பி அடிச்சேன். உங்க ஆளுங்க கும்புடுறப்ப இவரு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா சங்கடமா இருக்கும்ல? பெரியவங்க வருவாங்கன்னு இவ சொன்னா." முருகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "இவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. பழக்கம்தான்."

நான் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மூட வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். என் குரல் போன போக்கைக் கேட்டு அவனுக்கே சங்கடமாகிவிட்டது போலும். சரிண்ணே, சரிண்ணே என்று துணியைத் திரும்பச் சுருட்டி வைத்தான். அவனே தன் சாமியைத் தன் வீட்டில், எங்களுக்காக, நாங்கள் கேட்கும் முன்பே மூடி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். நாங்கள் கீழே வேனுக்குள் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தோம்.

தொட்டியைத் தரையில் வைத்தோம். அவள் மெழுகுதிரி ஏற்றினாள். நான் ஜெபம் சொன்னேன். சிந்தனை எதுவும் கொடுக்கவில்லை. பாட்டு பாட வேண்டிய இடத்தில் தொடங்கினேன், நடுவில் விட்டுவிட்டேன், அவள்தான் தோட்டத்துக் கோயிலில் பாடின மாதிரி ஒரே இழுவையாக இழுத்துப் பாடி முடித்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றான்.

முடிந்ததும், "புல்லு போடணும்ல" என்று சொல்லிவிட்டு நடைபாதைக்குப் போனான். ஒரு கட்டு லாலானை எடுத்துவந்தான். சணல் கயிற்றால் கட்டி, நுனியெல்லாம் ஒரே அளவாக வெட்டியிருந்தது. அன்றைய ஜெபத்துக்காக வேலைக்குப் போகும் வழியில் தண்டவாள ஓரத்தில் வெட்டி, நடைபாதைக் கம்பியில் காயப்போட்டிருக்கிறான். நாங்கள் வராமல் போனபிறகும் அதை எடுத்து வீசவில்லை. மழை வந்தபோதெல்லாம் அவள் உள்ளே எடுத்து வைத்திருக்கிறாள்.

இருவருமாகக் குனிந்து அதைத் தொட்டியில் பரப்பினார்கள். மற்ற வீட்டுப் புல் எல்லாம் கீழே போய்விட்டது, என்னுடையதும்தான். அவன் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான், முடிச்சு எங்காவது இருக்கிறதா என்று விரலால் தடவினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, மனசார, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

"அன்னைக்கு இது பச்சையா இருந்துச்சுண்ணே. போட்டிருந்தா பிள்ளைக்கு மேலெல்லாம் அரிச்சிருக்கும். இப்ப நல்லாக் காஞ்சிருச்சு. நீங்க மறந்ததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு."

அவள் மெழுகுதிரியை அணைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா தம்பி" என்றேன்.